பூஜைக்கு வைத்த பேச்சு

மலையாள ஊரில் தமிழ்க்காரர்கள் நிறைந்த எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் எனக்குக் கம்ப்யூட்டர் மாமி என்று பெயர். கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பல வருஷம் தலையைக் கொடுத்துவிட்டு, போதுமடா சாமி என்று வெளியே வந்தேன். வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். சின்னப் பள்ளிக்கூடங்களுக்கும் கடைகளுக்கும் திட்டம் எழுதிக் கொடுக்கும் வேலையை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம், எதை யார் திறக்கலாம், எது தொலைந்தால் எங்கிருந்து எடுப்பது, திருடன் எந்த வழியாக வருவான் என்று எழுதிக் கொடுப்பதுதான் திட்டம். எல்லோரும் மரியாதையாகக் கேட்பார்கள், காப்பி கொடுப்பார்கள், நான் படியிறங்கியதும் பழையபடியே இருப்பார்கள். ஆரியசாலையில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு நீளமாக ஒரு பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது அதை அட்டையில் பெரிதாக எழுதி, லட்சுமி படத்துக்குக் கீழே ஒட்டி, அதற்கும் சேர்த்துப் பூ வைத்திருந்தார்கள். முதலாளியிடம் கத்தினேன். "லெட்சுமிக்கு முன்னால எவன் மேடம் திருடுவான்?" என்று கேட்டார். கத்தினது என் தொண்டைக்குத்தான் நஷ்டம்.

ஆனால் அந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும் நான் சொன்னதைச் செய்தார்கள். அதனால்தான் மனசு இன்னும் ஆறவில்லை.

பேச்சு வராத குழந்தைகளுக்கும் படிப்பு மெதுவாக ஏறும் குழந்தைகளுக்குமான சின்னப் பள்ளிக்கூடம் அது. கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில் நடக்கிறது. ரிடையரான நல்ல மனுஷர்கள் கொஞ்சம் பேர் கமிட்டி வைத்து நடத்துகிறார்கள். எனக்கு அந்த வேலை வந்ததே அங்கே படிக்கிற எங்கள் தெருக் குழந்தை ஒருத்தியால்தான். எதிர்சாரியில் மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை. அம்மாவும் பெண்ணும் மட்டும்தான் இங்கே. பெண்ணுக்கு அப்போது பதினொரு வயது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும், தமிழும் மலையாளமும் இரண்டுமே. வாயிலிருந்து வார்த்தை மட்டும் வராது.

அவளுக்குப் பேச்சு ஒரு டேப்லெட்டில் இருந்தது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். தொட்டால் ஒரு குரல் அந்த வார்த்தையைச் சொல்லும். கம்பெனிக்காரர்கள் வைத்து அனுப்பிய குரல் இயந்திரத்தனமாக இருந்ததால் பள்ளிக்கூடத்துத் தெரபி டீச்சர் அதை எடுத்துவிட்டு, அம்மாவையே உட்கார வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் பேசிப் பதிய வைத்தார். வகுப்பில் தேவைப்படும் மலையாள வார்த்தைகளை டீச்சர் தன் குரலிலேயே வைத்தார். ஆகவே குழந்தைக்கு இரண்டு குரல். தீர்த்தம் வேணும், மோர்ஞ்சாதம், ஆத்துக்குப் போலாம், போறும், இதெல்லாம் அம்மா குரல். பென்சில் தரு, வெளியே போகலாம் என்பதற்குப் புறத்து போகாம், இதெல்லாம் டீச்சர் குரல். ஒரே வாக்கியத்தில் இரண்டு குரலும் வரும். நம் ஊர்க்காரி என்று அதிலேயே தெரியும்.

ஏதோ பாவப்பட்ட குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். வாயாடி. அவள் அம்மாவிடம் போன் பாஸ்வேர்டைப் பற்றி நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தால், தலையைத் தூக்காமலே ஒரு விரலை நீட்டித் தொடுவாள். அவள் அம்மாவின் குரல், "மாமி, போறும்" என்னும். அம்மாவோ எதிரில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடிக்கும். பிறந்து இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த திமிர் அது.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் படத்தைப் பார்த்துத் தொடுவதில்லை. எந்த வார்த்தை எந்த இடத்தில் என்று விரலுக்கே தெரியும். இருட்டில் நாம் ஸ்விட்சைத் தேடாமல் போடுகிறோமே, அப்படி. அதனால் இருக்கிற வார்த்தையை இடம் மாற்றவே கூடாது என்று தெரபி டீச்சர் எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். புது வார்த்தை வந்தால் காலியான கட்டத்தில்தான் போய் உட்காரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, சேர்ந்து, திரை நிறைந்திருந்தது. யார் எப்போது எதைச் சேர்த்தார்கள் என்று அம்மாவுக்கே நினைவில்லை. ஒருநாள் அம்மா சேர்த்திருப்பாள், ஒருநாள் டீச்சர்.

நான் எழுதிக் கொடுத்த திட்டம் சிக்கலானதல்ல. எல்லாக் குழந்தைகளின் வார்த்தைகளும் ஆபீஸ் அறையிலுள்ள சர்வரில் சேரும். டேப்லெட்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் சர்வரைப் பார்த்துத் தங்களைச் சரி செய்துகொள்ளும். டேப்லெட் கீழே விழுந்து உடைந்தால் சர்வரிலிருந்து எடுக்கலாம். சர்வரே போனால் எடுப்பதற்கு ஒரு ஹார்ட் டிஸ்க். அது இரும்பு அலமாரிக்குள் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, சொருகி, பிரதி எடுத்து, பிடுங்கி, திரும்ப உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். நம் திருடன் கம்பி வழியாக வருகிறவன், கம்பியில்லாத பெட்டிக்கு அவன் வர முடியாது என்று சொல்லிக் கொடுத்தேன். ஆபீஸ் சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஆபீஸ் சாருக்குச் சாலைக் கடைத்தெருப் பக்கம் வீடு. திருநெல்வேலியிலிருந்து எப்போதோ வந்த குடும்பம். பில், சம்பளம், மின்சாரம், கதவு, பூட்டு எல்லாம் அவர்தான். நான் இதுவரை திட்டம் கொடுத்த இடங்களிலேயே ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவிடாத ஒரே மனிதர் அவர். காய்ச்சலோடு வந்து பிரதி எடுத்துவிட்டுப் போனார் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

வெளியிலும் ஒரு பிரதி வைக்கலாம், இணையம் வழியாக, என்று நான் எழுதியிருந்தேன். கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தைகளின் குரலும் படமும் யாரோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் போய்க் கிடப்பதா என்று தலைவர் கேட்டார். அது முட்டாள்தனமான கேள்வி இல்லை. நானே பல பள்ளிக்கூடங்களில் கேட்ட கேள்விதான். பிறகு, பிரிண்டர் பழுது பார்க்கிறவர் தூரத்திலிருந்தே உள்ளே வர எப்போதோ திறந்துவிட்ட ஒரு வழி மூடாமல் கிடந்தது. அதை மூட வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். மூடினால் பிரிண்டர்காரர் நேரில் வர வேண்டும், அதற்கு அவர் தனியாகக் கேட்பார், ஆகவே அடுத்த கமிட்டியில் பார்க்கலாம் என்று வைத்தார்கள். நான் ஞாபகப்படுத்தினேன், அவர்களும் அடுத்த கமிட்டி என்று ஞாபகப்படுத்தினார்கள். இதெல்லாம் எங்கும் நடப்பதுதான்.

அப்புறம் நவராத்திரி வந்தது.

தமிழ்நாட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் வைத்தால் மறுநாள் எடுத்துவிடுவார்கள். இங்கே பூஜை வைப்பு கொஞ்சம் கெடுபிடியானது. அஷ்டமி சாயங்காலம் வைத்தால் தசமி காலைவரை எடுக்கக் கூடாது. அதுவரை படிப்பு இல்லை, எழுத்து இல்லை, தொழில் செய்கிறவர்கள் வைத்த ஆயுதத்தைத் தொடுவதில்லை. ஊரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குழந்தைகளுக்கு அதுபோல ஒரு சந்தோஷம் வருஷத்தில் வேறு கிடையாது. எனக்கும் பிடித்த பண்டிகைதான், குறை சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சர்வரையும் டேப்லெட்களையும் பூஜைக்கு வைப்பது என்று முடிவு செய்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் குழந்தையின் வீட்டுக்குப் போனேன்.

"ஏண்டிம்மா, புஸ்தகத்தைப் பூஜைக்கு வைக்கலாம். வாயை வைக்கலாமோ? அது அவளுக்கு வாயாக்கும். தசமி வரைக்கும் அவ எப்படிப் பேசுவா?"

அவள் அம்மா கொலுவுக்குச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் வைக்கணும்னு சொன்னேன் மாமி. தெருவில எல்லாக் கொழந்தைகளும் புஸ்தகக் கட்டைத் தூக்கிண்டு போறதுகள். இவ வருஷா வருஷம் வாசல்ல நின்னு பார்த்துண்டு இருப்பா. இவளுக்குன்னு வைக்கறதுக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்கோ?"

குழந்தை அந்தப் பக்கம் உட்கார்ந்து டேப்லெட்டின் உறையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மூலைகளையெல்லாம் விடாமல் துடைத்தாள். என்னைப் பார்த்ததும் விரலை நீட்டி, "மாமி, போறும்" என்று ஒரு தட்டு. சரி, போதும் என்று எழுந்து வந்துவிட்டேன். அஷ்டமி சாயங்காலம் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, டேப்லெட்டைச் சிவப்புத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அவள் தெருவில் நடந்து போனாள். அப்படி ஒரு நடை. பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

நவமி மத்தியானம் என் கைப்பேசி கூவியது. சர்வரில் கோப்புகள் தாறுமாறாக மாறினால் எனக்குச் செய்தி வரும்படி வைத்திருந்தேன். பூஜையில் உட்கார்ந்திருக்கும் இயந்திரத்தில் மாறுவதற்கு என்ன இருக்கிறது? வீட்டிலிருந்தபடியே உள்ளே போய்ப் பார்க்க முயன்றேன். என் பாஸ்வேர்டு செல்லவில்லை. மறுபடி போட்டேன், செல்லவில்லை. யாரோ உள்ளே வந்து, என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று புரிந்தது. ஆபீஸ் சாருக்குப் போன் போட்டுக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன். கோட்டை வாசலில் பண்டிகைக் கூட்டம். ஆட்டோ நகரவே இல்லை. பாதியில் இறங்கி நடந்தேன்.

ஆபீஸ் சார் ஸ்கூட்டரில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் அறைக் கதவு கண்ணாடிக் கதவு. உள்ளே நன்றாகத் தெரிந்தது. மேஜைமேல் பட்டு விரித்து, நடுவில் சர்வர், அதற்குச் சந்தனம் குங்குமம், சாமந்தி மாலை. இரண்டு பக்கமும் டேப்லெட்கள் சார்ஜ் ஸ்டாண்டில் வரிசையாக நின்றன. சர்வருக்கு முன்னால் ஒரு வெற்றிலைமேல் அந்த ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதற்கும் ஒரு பொட்டு. பொட்டுக்குப் பக்கத்தில் நீல விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

"சார், அது ஏன் அலமாரியில இல்லை?"

"பூஜைக்கு எடுத்து வெச்சேன் மேடம். எல்லா வெள்ளியாழ்ச்சையும் பணி எடுக்குற சாதனம் இல்லையா? மத்ததுக்கெல்லாம் பூப் போட்டுட்டு அதை மட்டும் உள்ள பூட்டி வெச்சா சரியாவுமா?"

"வெச்சது சரி. கம்பி எதுக்கு சொருகினேள்?"

"சும்மா வெச்சா செத்த மாதிரி கிடக்கு மேடம். சொருகுனப்பதான் லைட்டு வந்துது. உசிரோட வெக்கணும்னு தோணிச்சு." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். "ஏன் மேடம்? என்ன ஆச்சு, எந்தா பற்றியது?"

கதவைத் திறக்கச் சொன்னேன். சாவி இல்லை. சாவிக்கொத்தைத் தலைவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே பூஜையில் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தின் ஆயுதம் சாவிதானே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வீடு ஊருக்கு வெளியே, நெடுமங்காட்டுக்கு அந்தப் பக்கம். ஆபீஸ் சார் போன் போட்டார். நான் பிடுங்கிப் பேசினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷர், கோபமே வராது. நாளைக் காலையில் எடுத்துவிடுவோமே, ஒரு ராத்திரிக்குள் என்ன ஆகிவிடும், அதுவரை தேவி பார்த்துக்கொள்வாள் என்று மலையாளத்தில் எனக்குச் சமாதானம் சொன்னார். ஒரு ராத்திரி வேண்டாம், இந்த நிமிஷமே எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். எது போகிறது, யார் எடுக்கிறார்கள், கதவு பூட்டித்தானே இருக்கிறது என்று கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீல விளக்கு துடிப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு நல்ல மனிதருக்குத் திருட்டு என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாத்தனமாக நான் எப்போதும் நின்றதில்லை.

கடைசியில்தான் நடையிலிருந்த மெயின் ஸ்விட்ச் என் கண்ணில் பட்டது. அணைக்கச் சொன்னேன். ஆபீஸ் சார் தயங்கினார். பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாதே என்றார்.

"மெயின் ஸ்விட்சைப் பூஜையில வைக்கலையே சார்."

அதை அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்தார். நீல விளக்கு அணைந்தது. இருவரும் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தோம். எவ்வளவு மிஞ்சியது என்று அங்கிருந்து தெரிய வழியில்லை.

தசமி காலை தலைவர் சாவியைப் பூவோடு கொண்டு வந்தார். கற்பூரம் காட்டி, கதவைத் திறந்தார்கள். குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து தட்டிலிருந்த அரிசியில் ஹரிஸ்ரீ என்று முதலெழுத்து எழுதினார்கள். எழுத முடியாதவர்கள் கையை டீச்சர் பிடித்து எழுத வைத்தார். நான் உள்ளே சர்வரைத் திறந்துகொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் திரையில் நின்றது. மிகவும் மரியாதையான கடிதம். உங்கள் கோப்புகளைப் பூட்டியிருக்கிறோம், பயப்பட வேண்டாம், எங்களைத் தொடர்புகொண்டு பணம் கொடுத்தால் திறந்துவிடுகிறோம் என்றது. ஹார்ட் டிஸ்கைப் பார்த்தேன். அதிலும் அதே கடிதம். டேப்லெட்களோ சர்வரைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளும்படி செய்யப்பட்டவை. சர்வரில் ஒன்றுமில்லை என்றதும் தங்களிடமும் ஒன்றுமில்லை என்று துடைத்துக்கொண்டுவிட்டன. சொன்னதைச் செய்தன, அவ்வளவுதான்.

நான் வெளியே வருவதற்குள் ஆபீஸ் சார், விஷயம் தெரியாமல், பிரசாதத்தோடு டேப்லெட்களைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் தெருக் குழந்தை டேப்லெட்டை வாங்கி மடியில் வைத்து, பார்க்காமலே விரலை நீட்டித் தொட்டாள். சத்தம் இல்லை. இன்னொரு இடத்தைத் தொட்டாள். பிறகு ஒலி குறைந்திருக்கிறதோ என்று பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினாள். அவளுக்கு அதெல்லாம் தெரியும். மறுபடி தொட்டாள். அப்புறம்தான் குனிந்து திரையைப் பார்த்தாள். வெறும் சாம்பல் கட்டங்கள். கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்து, எழுந்து வந்து, டேப்லெட்டை என் கையில் வைத்தாள். நான் ரிப்பேர் செய்கிற மாமி. எத்தனையோ தடவை செய்து கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காத்திருந்தாள்.

அதன்பிறகு நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. கொச்சியிலிருந்து தெரிந்தவர் ஒருவரை வரவழைத்தேன். பிரிண்டர்காரருக்குத் திறந்துவிட்ட வழியாகத்தான் வந்திருக்கிறான், இனி ஒன்றும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். போலீசில் நல்லபடியாகப் புகார் வாங்கிக்கொண்டார்கள், ஆள் எந்த நாட்டில் இருக்கிறானோ என்றார்கள். கேட்டதைக் கொடுத்துவிடலாமா என்று கமிட்டி கேட்டது. கொடுத்தாலும் திறந்துவிடுவான் என்று எந்த நிச்சயமும் இல்லை, கொடுக்கக் கூடாது என்றேன். எல்லோரும் சரி என்றார்கள். அது சரியான யோசனை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சரி அந்தக் குழந்தைக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆபீஸ் சார் வேலையை விட்டுவிடுகிறேன் என்று நின்றார். வெள்ளிக்கிழமை தவறாத மனிதரை நான் எந்த வாயால் திட்டுவது? என்மேல் கோபப்பட்டுக்கொள்ளலாம் என்று தேடிப் பார்த்தால் அதற்கும் ஒன்றும் அகப்படவில்லை. யாரையாவது குறை சொல்ல முடிந்தால் மனசு கொஞ்சமாவது ஆறும். இங்கே எல்லோரும் நல்லது நினைத்துத்தான் செய்திருந்தார்கள். கெட்டவன் ஒருவனே ஒருவன், அவனுக்கு முகமே இல்லை.

அம்மாவும் டீச்சரும் திரும்பப் பதிய உட்கார்ந்தார்கள். வார்த்தைகள் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தன. இடங்கள் இல்லை. மேல் வரிசையில் முதலில் தீர்த்தம் என்று அம்மா சொன்னாள், இல்லை, அங்கே "நான்" என்ற வார்த்தைதான் என்று டீச்சர் சொன்னார். ஏதோ ஒரு வரிசையில் வைத்துக் கொடுத்தார்கள். குழந்தை அதை வாங்கிப் பேச ஆரம்பித்தாள். பேசினது வேறாக வந்தது. ஒருநாள் நானே எதிரில் உட்கார்ந்திருந்தேன். மோர்ஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு கட்டத்தைத் தொட்டாள். "இன்னும் வேணும்" என்றது அம்மாவின் குரல். அம்மா ஆசையாக இன்னொரு கரண்டி போட்டாள். குழந்தை மறுபடி தொட்டாள். "இன்னும் வேணும்." இன்னொரு கரண்டி. அவள் அதே இடத்தை ஓங்கி ஓங்கித் தட்டினாள். அது இன்னும் வேணும், இன்னும் வேணும் என்று கூவியது. பிறகு தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டாள். அங்கே முன்பு இருந்தது "போறும்."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பளிச்சென்றது. எல்லாப் பிரதியும் போய்விட்டது, ஆனால் அவள் விரலில் ஒன்று இருக்கிறது. புதிதாக வைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு, வெற்றுக் கட்டங்களோடு டேப்லெட்டை அவளிடம் கொடுத்தோம். அவள் எப்போது எங்கே தொடுகிறாள் என்று மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். செம்பைப் பார்த்துத் தொட்டால் அது தீர்த்தம். வாசலைப் பார்த்துத் தொட்டால் அது புறத்து போகாம். நான் பாஸ்வேர்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் தொடுகிற இடம் எது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேண்டுமென்றே பேச்செடுத்தேன், தொட்டாள், அதைத் திரும்ப வைத்தோம். "போறும்" என்று அவள் அம்மாவின் குரல் வந்ததும் அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். இப்படியே ஒவ்வொரு வார்த்தையாக அவளிடமிருந்தே வாங்கி அவளுக்கே கொடுத்தோம். முக்கால்வாசி திரும்பிவிட்டது. எனக்குக்கூட நம்பிக்கை வந்தது. அந்தச் சமயத்தில் தெருவில் யார் கேட்டாலும், கிடைத்துவிடும், எல்லாம் கிடைத்துவிடும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழ் வரிசையில் ஒரு கட்டம் மட்டும் பிடிபடவில்லை.

அதை அவள் சாப்பிடும்போது தொடவில்லை, விளையாடும்போது தொடவில்லை. சாயங்கால வேளையில், அம்மா பக்கத்தில் வந்து உட்காரும்போது தொடுவாள். தொட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்ப்பாள். அங்கே என்ன இருந்தது என்று டீச்சரைக் கேட்டோம், நான் சேர்த்ததில்லை என்றார். தானும் சேர்த்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. தினமும் காதால் கேட்டிருப்பாள், தினமும் பதில் சொல்லியிருப்பாள், சமையலுக்கு நடுவில், போனுக்கு நடுவில். காதில் விழுந்து பழகிப்போன ஏதோ ஒன்று.

ஒருநாள் நான் போனபோது அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பாவா கண்ணா? அப்பா போன் பண்ணணுமா? பாட்டு வெக்கணுமா? தலை வாரணுமா? வயித்தை வலிக்கறதா? அம்மாகிட்ட கோவமா? என்னடி குட்டி, தூக்கம் வரதா?" ஒவ்வொன்றுக்கும் குழந்தை இல்லை என்று தலையசைத்தாள். முதலில் வேகமாக அசைத்தாள். போகப்போக மெதுவாக அசைத்தாள். விரல் அந்தக் கட்டத்திலேயே இருந்தது.

"நான் பெத்த பொண்ணு என்கிட்ட என்னமோ சொல்றா, என்னன்னு எனக்குத் தெரியலையே மாமி" என்று அம்மா என்னைப் பார்த்தாள். "அவ அழுத்தறச்சே ஒரு சத்தமும் வராம இருக்கே, அதைத்தான் என்னால தாங்க முடியலை. ஏதானும் ஒண்ணு வெச்சுத் தாங்கோளேன். எதுவா இருந்தாலும் ஸாரமில்லை."

எதை வைப்பது? யோசித்துப் பார்த்தோம். தெரியாத வார்த்தைக்குப் பதிலாக வேறொரு வார்த்தையை வைத்தால் மோர்ஞ்சாதக் கதைதான் ஆகும். கடைசியில் அம்மா தானே டேப்லெட்டை வாயருகே வைத்துக்கொண்டு, அவளால் முடிந்தவரை அன்பாக, "என்ன கண்ணா?" என்று பேசினாள். அதை அந்தக் கட்டத்தில் வைத்துக் கொடுத்தேன்.

குழந்தை தொட்டாள். "என்ன கண்ணா?" என்றது. அவள் நிமிர்ந்து அம்மாவின் வாயைப் பார்த்தாள். வாய் அசையவில்லை. மறுபடி தொட்டாள். "என்ன கண்ணா?" இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தமாகத் தொட்டாள். "என்ன கண்ணா?" அவள் சொல்ல வேண்டியதை அது அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் சாயங்காலம் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை ஒருநாளும் தொடவில்லை.